“நீ என்றால் ஏறுவாயா?”

“தம்பி, நீ என்றால் இதில் ஏறுவாயா?” என்று அண்ணன் கேட்டார். “ஏறுவேன்” என்றேன்.

‘இது’ என்றது எங்கள் பாராமோட்டாரை: முதுகில் இயந்திரம் கட்டிய விமானியும் ஒரு பயணியும் ஒரே துணிச்சிறகில் தொங்கிப் பறப்பது. அண்ணன் விமானி, சிறகைப் பராமரிப்பவன் நான். அந்தப் பதிலில் பொய் இல்லை. அந்த நிமிடமே ஹார்னஸை, சிறகோடு உடலைப் பிணைக்கும் அந்த வார்க்கச்சையை, என் தோளில் மாட்டியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஓடி எழுந்திருப்பேன். பதினொரு மாதமாக அந்த ஒரு சொல்லைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் பிடித்திருக்காது. பொய் சொன்னேன், தவறு, இனிச் சொல்லமாட்டேன் என்று எனக்குள்ளேயே முடித்திருப்பேன்.

அந்தக் கேள்விக்கு இரண்டு நாள் முன்பு மாலையில் இறங்கும்போது சிறகு கடலில் விழுந்திருந்தது. மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாவில் முழங்காலளவு தண்ணீர்தானே என்று கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆழம் பெரிய காரியமில்லை. இருவரைச் சுமக்கும் சிறகு நாற்பது சதுர மீட்டருக்குக் கிட்டிய துணி. முன்விளிம்பில் உள்ள வாய்கள் வழியாகத் தண்ணீரும் மணலும் அறைகளுக்குள் புகுந்துவிட்டால், சின்ன அலை கூட அதை மாடு இழுப்பதுபோல் இழுக்கும். நாம் எதிர்த்து இழுத்தால் உள்ளே இருக்கும் துணிச்சுவர்கள் கிழிந்துவிடும். பின்விளிம்பைப் பிடித்து மெல்ல உயர்த்தி, வந்த வழியாலேயே நீரை வடியவிட வேண்டும். அதைச் சரியாகத்தான் செய்தேன். இருட்டும்வரை தண்ணீரில் நின்று, ஓர் அறையும் கிழியாமல் கரை சேர்த்தேன்.

கழுவியதும் நான்தான். உப்பு காய்ந்து மணியானால் நைலோன் இழையை உள்ளிருந்தே அரிக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சவர்க்காரம் கூடாது, தேய்க்கக் கூடாது. எங்கள் வளவுக் கிணறு சற்று உவர். அயல் வீட்டுக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து மூன்று முறை அலசினேன். வெயில் நைலோனுக்கு ஆகாதென்று மரமுந்திரிகை நிழலில் கொடி கட்டி விரித்தேன். ஆடி மாதம், கச்சான் என்னும் மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வெறும் சூட்டோடு வரும் அந்தக் காற்றில் சிறகு ஒரு மணி நேரத்துக்குள் மொரமொரவென்று காய்ந்தது. பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கயிற்றையும் விரலிடுக்கில் விட்டு மேலிருந்து கீழ்வரை உருவிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை, ஒரு கீறல் இல்லை. தையல்கள் பார்த்தேன், ஹார்னஸைச் சிறகோடு இணைக்கும் காரபைனர் கொக்கிகள் பார்த்தேன். அறுந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அளவு மாறும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பப்பாவின் பருத்தி வலை நனைந்து காய்ந்தால் கண் சிறுத்துவிடும் என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எங்கள் சிறகின் கயிறு டைனீமா என்ற செயற்கை இழை. எஃகைப்போல் இழுவை தாங்கும். ஆனால் பாரம் விழாத கயிறு நாளடைவில் சுருங்கும். நனைந்து காய்ந்தால் இன்னும் சுருங்கும். முன்வரிசைக் கயிறுகள் பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பதால் நீட்டியபடியே இருக்கும். பின்வரிசையும், பின்விளிம்பை இழுத்து வேகம் குறைக்கும் பிரேக் கயிறும் அப்படிச் சுமப்பதில்லை. அவை மட்டும் குறுகினால், விமானி கையை உயர்த்தி வைத்திருந்தாலும் சிறகு பாதி பிரேக் பிடித்ததுபோல் நிமிர்ந்து, வேகம் குறைந்து பறக்கும். இதையெல்லாம் கையேட்டில் படித்திருக்கிறேன். படித்தது திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வரவில்லை.

அண்ணன் அப்படிக் கேட்ட அன்று காலை ஆறேகாலுக்குச் சிறகை மணலில் விரித்து, தரையில் நின்றபடியே ஒரு முறை ஏற்றிப் பார்த்தேன். நேராக எழும்பித் தலைக்கு மேல் வந்து நிற்க வேண்டிய சிறகு, சற்றுப் பின்தங்கித் தொங்கியது. மூன்று எட்டு வைத்துப் பின்வாங்கி இழுத்ததும் வந்துவிட்டது. காற்று குறைவு என்று நினைத்தேன். பனி ஈரம் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மையாகவும் இருந்தன. ஆகையால் மூன்றாவது காரணத்தைத் தேடவில்லை. எட்டு மணி தாண்டினால் கச்சான் எழும்பும், கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், பிறகு மாலையில் அது தணியும்வரை பறப்பே இல்லை. அந்த அவசரமும் இருந்தது.

அண்ணன் இயந்திரத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். நான் ஏற்றிப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் அன்றைய பயணியான ரீச்சர் தலைக்கவசத்தோடு நின்றார். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபதைத் தாண்டியவர். பிறந்ததிலிருந்து வாவியைப் பாலத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறேன், ஒரு முறையாவது தண்ணீரை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று மகனிடம் கேட்டு வந்திருந்தார். இங்கிருந்து தெரிவது கல்லடி வாவி இல்லையே என்றதற்கு, எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்றார். அப்போதுதான் அண்ணன் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நல்ல எண்ணத்தோடு கேட்ட கேள்வி அது. இந்தியாவின் காம்ஷெட்டில் பறக்கப் பயின்ற நாளிலிருந்து அவர் வைத்திருக்கும் வழக்கம். சிறகைப் பராமரிக்கிறவன் தன் உயிரை அதில் வைப்பானா என்று கேட்டால் சோம்பேறியும் உண்மை சொல்லிவிடுவான் என்பார். நானும் அதை மெச்சியிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்வியே பிழை என்று தோன்றுகிறது. எனக்கு அப்போது தனியாகப் பறந்த பழக்கம் முப்பது மணி நேரம் கூட இல்லை. பறப்பதென்றால் சோறு வேண்டாம் என்கிற நிலை. அப்படிப்பட்டவனிடம் ஏறுவாயா என்று கேட்டால், பதில் சொல்வது அவன் கண்ணா, அவன் ஆசையா? “காலையில் என்ன பார்த்தாய்?” என்று கேட்டிருந்தால், பின்தங்கித் தொங்கியது என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படி எழுதும்போதே பழியை அவர் பக்கம் நகர்த்துகிறேன் என்று தெரிகிறது. கேட்காவிட்டால் சொல்லக் கூடாது என்று யாரும் என் வாயைக் கட்டவில்லை. மறுபக்கமும் உண்டு. ஓடி எழும்போது சிறகு பின்தங்கியதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். நிறுத்த வேண்டுமா என்று முடிவு செய்கிறவர் விமானிதான். ஆனால் அவருடைய முதுகில் இயந்திரம் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் தள்ளுவிசை சோம்பும் சிறகையும் மேலே இழுத்துவிடும். தரையில் நின்றவனுக்குத் தெரிந்தது ஓடுகிறவருக்குத் தெரியாமல் போகலாம். தரையில் நின்றவன் நான்.

கல்குடாப் பக்கம் திரும்பும்போது கையில் பிரேக் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கனத்ததென்று அண்ணன் பிறகு சொன்னார். உடனே டிரிம்மரைத் திறந்துவிட்டார். அது பின்பக்கத்தை நீட்டி, சிறகின் மூக்கைத் தாழ்த்தி, வேகம் கொடுக்கும். இயந்திரத்தையும் தணித்தார். ஏனென்றால் நிமிர்ந்து நிற்கும் சிறகை முழு விசையில் தள்ளினால் அது இன்னும் நிமிர்ந்து, பறப்பதை விட்டுவிட்டு அப்படியே கீழிறங்கத் தொடங்கலாம். இருபது நிமிடம் என்று பேசியிருந்த பறப்பு பன்னிரண்டில் முடிந்தது. இறங்குவதற்காக டிரிம்மரை மூடினார். காற்றில்லாத மணல். கடைசி நொடியில் பிரேக்கை ஆழமாக இழுத்துச் சிறகை நிறுத்தியாக வேண்டும். பாதி இழுப்பிலேயே சிறகு விட்டுவிட்டது. இடுப்பளவு உயரத்திலிருந்து இருவரும் தொப்பென்று விழுந்தார்கள். ரீச்சர் முழங்கால் குத்தி மணலில் சரிந்தார்.

நான் ஓடிப் போவதற்குள் அவர் சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டார். “மன்னித்துக்கொள்ளுங்கள் மகன், நீங்கள் ஓடச் சொன்னீர்கள், நான் காலை எடுக்கவில்லை. என் பிழைதான்” என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். “பரவாயில்லை ரீச்சர்” என்றார் அண்ணன். நான் குனிந்து கயிறுகளைச் சேர்க்கத் தொடங்கினேன்.

அன்று பின்னேரம் திண்ணையில் அளந்தோம். ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையை அப்பாவின் மீன் நிறுக்கும் தொங்குதராசில் கொக்கியிட்டு, ஐந்து கிலோ காட்டும்வரை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு கயிறாக. முன்வரிசை கையேட்டு அட்டவணையோடு ஒத்துப்போனது. பின்வரிசையான மூன்றாம் வரிசையில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் குறைவு. பிரேக்கில் நான்கு. ஒரே ஒரு கடல் நனைவில் இவ்வளவு குறுகுமா? இராது. பருவம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிவந்து, கடல்நீர் மிச்சத்தை முடித்திருக்க வேண்டும். நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை முழுச் சோதனை என்று கையேடு சொல்லியிருந்தது. பருவம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டது நாங்கள் இருவரும் சேர்ந்துதான். இந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும். தரவில்லை. கயிறு எப்போது குறுகியதென்பது என் கையில் இல்லை. ஆறேகாலுக்குச் சிறகு பின்தங்கியதைக் கண்டது என் கண்.

சிறகைப் பையில் கட்டி வைத்து, புதிய கயிறு வரும்வரை ஐந்து வாரம் பறப்பை நிறுத்தினோம். பருவத்தின் நடுவில் ஐந்து வாரம் என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. காலையில் ஏற்றிப் பார்த்ததை நான் அவரிடம் சொன்னபோது வெகுநேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நானும்தான் கேட்கவில்லை” என்றார். இப்போது ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறார்: எந்தப் பக்கக் காற்று, எத்தனையாவது முயற்சியில் ஏறியது, பின்தங்கியதா, முந்தியதா. எழுதுகிறேன். ஆனாலும் நாளைக்கே அவர் பழக்கதோசத்தில் ஏறுவாயா என்று கேட்டால், என் வாயில் முதலில் வருவது அதே சொல்லாகத்தான் இருக்கும். அதை எப்படி அடக்குவதென்று தெரியவில்லை. அந்த ஆசை இல்லாவிட்டால் இருட்டும்வரை தண்ணீரில் நின்று சிறகைக் காப்பாற்றியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

போன வாரம் ரீச்சர் தொலைபேசியில் பேசினார். இந்தப் பருவத்தில் தங்கச்சியையும் அழைத்து வருகிறாராம். சென்ற முறைபோல் விழுந்துவிடக் கூடாதென்று, பின்னேரங்களில் முற்றத்தில் இருவரும் ஓடிப் பழகுகிறார்களாம். “முழங்கால் இப்போது நன்றாக உயர்கிறது மகன், வந்து பாருங்கள்” என்றார். சொல்லிவிடத்தான் நினைத்தேன். சரி ரீச்சர், வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.