மாவு புளிப்பதும் சேதி சொல்வதும்

எங்கள் வீடு தாராவியில். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த அப்பா இட்லி அவித்து விற்கிறார். விடிகாலை மூன்றரைக்கு அடுப்பு பற்றிவிடும். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் நான், இந்த மழைக்காலம் முழுக்க கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்' ஆறாம் புத்தகத்தோடு கிடந்தேன்.

மனம் உண்மையை எட்ட ஐந்து வழிகள் என்கிறார். நிரூபித்துக் காட்டக்கூடிய அறிவு எபிஸ்டேமே. அந்த நிரூபணம் எதிலிருந்து கிளம்புகிறதோ அந்த முதல் உண்மைகளைக் கண்டுகொள்வது நூஸ். இரண்டும் சேர்ந்து மிக உயர்ந்தவற்றைப் பற்றினால் சோஃபியா. என் கணக்குப் பாடம் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும். என்னை நிறுத்தி வைத்தவை மற்ற இரண்டும்தான்: டெக்னே என்ற தொழிலறிவு, ஃப்ரோனேசிஸ் என்ற நடைமுறை விவேகம்.

அப்பாவிடம் இருப்பது ஃப்ரோனேசிஸ் என்று முதலில் நினைத்தேன். மே மாதப் புழுக்கத்தில் மாவு எப்போது பொங்கும், ஜனவரியில் எவ்வளவு நேரம் கூட வைக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஆனால் அது டெக்னே, ஒன்றை ஆக்கும் அறிவு. அதன் பயன் தட்டில் இருக்கிற இட்லி. ஃப்ரோனேசிஸுக்கு அப்படித் தனியாக ஒரு பொருள் கிடையாது, நல்லபடி நடந்துகொள்வதே அதன் பயன். அரிஸ்டாட்டில் இன்னொன்றும் சொல்கிறார்: தொழிலில் தெரிந்தே தவறு செய்பவன் தெரியாமல் செய்பவனைவிட மேல், ஃப்ரோனேசிஸில் தெரிந்தே தவறுவதுதான் மோசம். அப்பா வேண்டுமென்றே ஒரு குண்டான் மாவை அளவுக்கு மீறிப் புளிக்க விட்டாலும் நல்ல தொழில்காரர்தான். மனிதர்களிடம் அப்படிச் செய்துவிட்டு நல்லவராக இருக்க முடியாது.

அப்புறம் ஆகஸ்டில் அந்தக் காலை. எங்களிடம் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பையனின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக ஊரிலிருந்து போன். "அவன்கிட்ட சொல்லாதீங்க, சும்மா ஊருக்கு அனுப்பிடுங்க" என்றார்கள். அவனோ சூடான குண்டானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையமர்த்தினார்.

"ஏலே, இன்னைக்கு நீ போகாண்டாம்."

குண்டானை இறக்கினார். டீ கொடுத்தார். என்னை டிக்கெட் பார்க்கச் சொன்னார். டிக்கெட் கிடைத்த பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னார்.

போனை வைத்ததுமே நான் சொல்லியிருப்பேன். இளைஞர்கள் கணக்கில் தேர்ந்துவிடலாம், ஃப்ரோனேசிஸுக்கு அனுபவம் வேண்டும், அனுபவத்துக்குக் காலம் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதியது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது. 'செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்' (நூலறிவு இருந்தாலும் உலகப் போக்கை அறிந்து செய்) என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

நாலு நாள் கழித்துப் பையன் பேசினான். அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாராம். "அவசரப்பட்டு வந்துராத, இங்க நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அப்பா. மறுநாளிலிருந்து சைக்கிளை அவரே எடுத்துப் போனார்.