ஒன்றரை இட்லியும் 9 செ.மீ. கட்டியும்

கணைய அழற்சிக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது, கண்டம் தாண்டியாயிற்று என்றுதான் நினைத்தேன். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் செய்த வேலை அது. ஐந்தாவது வாரம், ஒன்றரை இட்லியிலேயே வயிறு முட்டியது. மல்லாந்து படுத்தால் மேல்வயிற்றில் பந்துபோல ஏதோ கையில் தட்டுப்பட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பைக்குப் பின்னால் 9 செ.மீ. நீர்க்கட்டி.

'கட்டி' என்று கேட்டதுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். முதலில் பார்த்த டாக்டர், "வெளியிலிருந்து குழாய் போட்டு எடுத்துடலாம், நாளைக்கே வாங்க" என்றார். மனசு ஒப்பவில்லை. வயிற்று நோய் நிபுணர் ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோனோம்.

அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கம், படுத்திருக்கும் மிளகாய்போலக் கணையத்தை வரைந்தார். உள்ளே ஓடும் குழாயில் கசிவு. வெளியேறிய நீரைச் சுற்றி உடம்பே வேலி கட்டுகிறது. வேலி கெட்டிப்பட நான்கு வாரமாவது ஆகும். நிஜமான நீர்க்கட்டிக்கு உள்புறம் செல்களாலான உறை இருக்குமாம், இதற்குக் கிடையாது. அதனால்தான் சூடோசிஸ்ட், பொய்க்கட்டி. வெளியே குழாய் போட்டால், கசிவு நிற்காதவரை அந்த ஓட்டை வழியே ஒழுகிக்கொண்டே இருக்கலாம், கிருமியும் புகலாம்.

"முன்னாடி 6 செ.மீ., 6 வாரம் தாண்டினா ஆபரேஷன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. இப்போ அளவை மட்டும் பார்க்கறதில்ல, ஆளைப் பார்க்கிறோம்" என்றார்.

காய்ச்சல், ஓயாத வாந்தி, மஞ்சள் காமாலை, கறுப்பாக மலம் இவற்றில் எது வந்தாலும் உடனே ஓடி வரச் சொன்னார். அப்படி வந்தால், வாய் வழியே விடும் எண்டோஸ்கோப்பிக் குழாய் மூலம் இரைப்பைச் சுவரில் துளையிட்டு, ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து, நீரை இரைப்பைக்குள்ளேயே வடிக்கலாமாம். வராவிட்டால் காத்திருப்பதுதான் வைத்தியம்.

காத்திருப்பது லேசாக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பாடு, எண்ணெய் அளந்து. மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் 8 செ.மீ. "இதுக்கா சும்மா உட்கார்ந்திருக்கே?" என்று அண்ணன் கத்தினான். எனக்கும் ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் சாப்பாடு இறங்கியது, காய்ச்சல் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த ஸ்கேனில் 4. நான்காம் மாதம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். கற்களைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். ஏழெட்டு இருக்கும், எல்லாம் கடுகு அளவு. அம்மா குப்பியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றார்.