மலை இல்லை, ராத்திரி பஸ்தான் பிரச்சினை

எனக்கு வலிப்பு நோய் உண்டு. கடைசியாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு டிரெக்கிங் குழுவின் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதினேன். "ரிஸ்க் எடுக்க முடியாதுங்க" என்று பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தூக்கம் கெட்டாலோ மாத்திரை தவறினாலோதான் எனக்கு வரும். அவர்கள் திட்டமோ ராத்திரி முழுக்க பஸ், விடியுமுன்னே நடை!

சரி என்று இந்த மாதம் அக்காவோடு கொல்லிமலை கிளம்பினேன். பகல் பயணம், 70 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போய் எட்டு மணி நேரத் தூக்கம். மறுநாள் ஆகாய கங்கை அருவி. கீழே இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மாத்திரை என் பையில் பாதி, அக்கா பையில் பாதி. அவசரத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்பிரேயும் இருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வரவே நேரமாகுமே.

அருவியில் மட்டும் இறங்கவில்லை. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் கதையே வேறு. ஓரமாக உட்கார்ந்து சாரலில் நனைந்தேன். ஆசை இல்லாமல் இல்லை.

பக்கவாட்டில் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் 108 என்று அக்காவுக்கு எல்லாம் மனப்பாடம். அப்புறம் பையைத் துழாவினால், அம்மா கொடுத்தனுப்பிய இரும்புச் சாவி!