ஆர் கணக்கிடட்டும், உலாவி காட்டட்டும்

புள்ளியியல் கணக்குகளை ஆர் மொழியில் முடித்துக்கொண்டு, அவற்றின் முடிவுகளை வாசகர் தாமே தொட்டு நகர்த்திப் பார்க்கும்படி உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் நிரல் நூலகமான டி3யில் வரைவது எனக்கு மிகவும் உவப்பான வேலை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், புள்ளியியலாளர்களுக்காகவே வளர்ந்த மொழி. 2011இல் வெளிவந்த டி3, தரவின் ஒவ்வொரு மதிப்பையும் வலைப்பக்கத்தின் ஓர் உறுப்போடு பிணைத்து வைக்கிறது. இரண்டையும் இணைக்க இன்று ஆர்2டி3 போன்ற தொகுப்புகள் இருந்தாலும், தரவு ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் இடத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

விடுபட்ட மதிப்புகளையே எடுத்துக்கொள்வோம். மாதாந்தர வெப்பநிலைப் பட்டியலில் ஒரு மாதத்தின் அளவீடு இல்லையென்றால், ஆர் அதை 'என்ஏ' என்று குறித்துவைக்கிறது; சராசரி கேட்டால் விடையும் என்ஏ என்றே வரும், விடுபட்டதை ஒதுக்கும்படி நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான் எண் கிடைக்கும். அதே மதிப்பு ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவில் 'நல்' (மதிப்பில்லை) ஆகி உலாவிக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் கூட்டல் கழித்தலில் நல்லைச் சுழியமாகவே எடுத்துக்கொள்வதால், அளக்கப்படாத மாதம் சுழியம் பாகை என்ற பொய்யான அளவீடாகிவிடக்கூடும். டி3யின் கோடு வரையும் செயற்கூற்றில் 'டிஃபைண்ட்' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் கோடு அந்த இடத்தில் அறுந்து நிற்கும். இல்லாததை இல்லை என்றே காட்டுவதுதான் முறை. தேதிகளும் இப்படித்தான்: ஆர் 1970 ஜனவரி 1 முதல் நாட்களாக எண்ணுகிறது, ஜாவாஸ்கிரிப்டோ மில்லிநொடிகளாக எண்ணுகிறது.

ஊடாட்டம் என்றவுடன் சுட்டியைப் புள்ளிமேல் வைத்தால் எண்ணைக் காட்டும் சிறு பெட்டியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதைவிட, ஆய்வாளர் தம் மேசையில் எடுத்த முடிவுகளை வாசகர் சோதித்துப் பார்க்க வழிவிடுவதே அதன் உண்மையான பயன் என்று கருதுகிறேன். தரவைப் பகுதி பகுதியாகப் பொருத்தி வழவழப்பான கோடு தரும் லோயெஸ் முறையில் ஒரு போக்குக்கோடு வரையும்போது, ஒவ்வோர் இடத்திலும் அருகிலுள்ள தரவில் எவ்வளவு பங்கைக் கணக்கில் எடுப்பது என்பதை 'ஸ்பான்' தீர்மானிக்கிறது. ஆர் இயல்பாக 0.75 என்று வைத்துக்கொள்ளும். இதை 0.2 முதல் 1 வரை 0.05 இடைவெளியில் மாற்றினால் 17 கோடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் 100 இடங்களில் மதிப்பீட்டையும் அதன் நிச்சயமின்மையைக் காட்டும் மேல், கீழ் நம்பக எல்லைகள் இரண்டையும் ஆரிலேயே கணித்துக் கோப்பாக அனுப்பிவிட்டால், உலாவியில் ஒரு நகர்த்திப் பட்டை மட்டும் போதும். வாசகர் அதை இழுக்க இழுக்க, எந்த மேடு நிலைத்து நிற்கிறது, எது நாம் தேர்ந்த அளவால் மட்டுமே தோன்றியது என்பது கண்ணெதிரே தெரியும். லோயெஸை ஜாவாஸ்கிரிப்டில் மீண்டும் எழுதுவதை நான் விரும்புவதில்லை. ஒரே கணக்குக்கு இரண்டு நிரல்கள் இருந்தால் அவை என்றாவது முரண்படும்.

இவ்வாறு முன்கூட்டியே கணித்துவைத்த பக்கத்துக்குப் பின்னணியில் ஆர் இயங்கவேண்டியதில்லை. சாதாரணக் கோப்பாக எங்கும் வைக்கலாம். வாசகர் தம் சொந்தத் தரவை உள்ளிட்டு விடை பெறவேண்டும் என்றால்தான், சேவையகத்தில் இயங்கும் ஆரை வலைப்பக்கத்தோடு இணைக்கும் ஷைனி தேவைப்படுகிறது. 2023இல் முதல் வெளியீடு கண்ட வெப்ஆர் ஆர் மொழியையே உலாவிக்குள் இயக்குவதால், அந்தத் தேவையிலும் ஒரு பகுதி இனிச் சேவையகம் இல்லாமலே நிறைவேறும்.