லங்காஸ்டர் சான்சலர்: இலாகா இல்லாத ஒரு நாற்காலியின் வரலாறு

பிரிட்டனில் புதிய அமைச்சரவைப் பட்டியல் வெளியாகும்போது நிதி யாருக்கு, உள்துறை யாருக்கு, வெளியுறவு யாருக்கு என்றுதான் பெரும்பாலானவர்கள் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் ‘லங்காஸ்டர் டச்சியின் சான்சலர்’ என்ற வரி எத்தனையாவதாக வந்திருக்கிறது, அதற்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டால்தான் திருப்தி. அந்தப் பெயரைக் கொண்டே பிரதமரின் மனத்தைப் பாதி படித்துவிடலாம் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். ஏனென்றால் மற்ற பதவிகள் ஒவ்வொன்றுக்கும் செய்தே ஆக வேண்டிய வேலை என்று ஒன்று உண்டு. இந்தப் பதவிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாததால், யாரை எதற்காக அதில் உட்கார வைக்கிறார்கள் என்பது முழுக்க முழுக்கப் பிரதமரின் தேவையைப் பொறுத்தது.

டச்சி என்பது ஒரு கோமகனுக்குரிய பரம்பரைச் சொத்து. நம் ஊர்ப் பழைய ஜமீன்களில் நிலம், குத்தகை, வழக்கு எல்லாவற்றையும் ஜமீன்தாரின் பெயரில் பார்த்துக்கொண்ட காரியஸ்தரை நினைத்துக்கொண்டால், சான்சலர் ஆதியில் யாராக இருந்தார் என்பது விளங்கிவிடும். 1265இல் ஈவ்ஷம் போரில் கொல்லப்பட்ட சைமன் டி மாண்ட்ஃபோர்ட்டின் நிலங்களைப் பறிமுதல் செய்த மூன்றாம் ஹென்றி, அவற்றைத் தம் இளைய மகன் எட்மண்டுக்குக் கொடுத்தார். அதுதான் இந்தச் சொத்தின் தொடக்கம். 1351இல் மூன்றாம் எட்வர்ட் அந்தக் குடும்பத்து வாரிசான ஹென்றியைக் கோமகனாக உயர்த்தினார். அவர் மகள் பிளாஞ்சை மணந்ததன் மூலம் சொத்து முழுவதும் ஜான் ஆஃப் காண்ட் என்ற அரசகுமாரனிடம் வந்து சேர்ந்தது. லங்காஸ்டர் வட்டாரத்தில் மன்னருக்குள்ள அதிகாரங்களில் பெரும்பகுதியைக் கோமகனே செலுத்தலாம் என்ற உரிமையும் அதோடு சேர்ந்திருந்தது. தனி நீதிமன்றம், தனி ஷெரீப், தனி முத்திரை ஆகியவை இருந்தபோது அவற்றைக் கவனித்த சான்சலருக்கு வேலைக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

1399இல் ஜான் இறந்ததும் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் அந்தச் சொத்தைத் தம்வசமாக்கிக்கொண்டார். நாடு கடத்தப்பட்டிருந்த மகன் ஹென்றி போலிங்புரோக் படையோடு திரும்பி வந்து, சொத்தோடு சேர்த்து மணிமுடியையும் பறித்துக்கொண்டார். நான்காம் ஹென்றியாக அரியணை ஏறிய கையோடு அவர் செய்த காரியங்களில் ஒன்று, லங்காஸ்டர் சொத்து அரசுடைமையோடு கலக்காமல் தனியாகவே இருக்க வேண்டும் என்று சாசனம் எழுதியது. முடியை வன்முறையால் பெற்றவருக்கு அது அதே வழியில் போகவும் கூடும் என்பது தெரிந்திருக்கும். முடி போனாலும் குடும்பத்து நிலம் போகக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். 1461இல் முடி உண்மையிலேயே போனது. ஆனால் அதைப் பறித்த யார்க் வம்சத்து நான்காம் எட்வர்ட் நிலத்தையும் விட்டுவைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ‘தனியாக இருக்கட்டும்’ என்ற ஏற்பாட்டை மட்டும் அவர் அப்படியே வைத்துக்கொண்டார். இனி அரியணையில் யார் இருந்தாலும் டச்சி அவருடையது, ஆனால் மற்ற அரசு நிலங்களோடு சேராது என்று அவர் காலத்தில் வகுத்த விதிதான் இன்றுவரை நடக்கிறது. 1760இல் மூன்றாம் ஜார்ஜ் அரச நிலங்களின் வருமானத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்து ஆண்டுதோறும் மானியம் பெற ஒப்புக்கொண்டபோதும் லங்காஸ்டர் அந்தப் பேரத்தில் சேரவில்லை.

ட்யூடர் காலத்தில் இந்த நாற்காலியில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பின்னாளில் எட்டாம் ஹென்றியால் தலை வெட்டப்பட்ட தாமஸ் மோர் 1525 முதல் 1529 வரை இங்கே இருந்தார். முதலாம் எலிசபெத்தின் ஒற்றர் படையை நடத்திய ஃபிரான்சிஸ் வால்சிங்கமும் தம் கடைசிக் காலத்தில் இந்தப் பதவியை வகித்தவரே. காலம் போகப்போக வட்டார அதிகாரங்கள் மைய அரசிடம் கரைந்துபோயின; நிலத்தைப் பார்த்துக்கொள்ளத் தனி நிர்வாகக் குழு அமைந்தது; பதவிக்குப் பெயரும் சம்பளமும் மிஞ்சின.

சம்பளம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஸ்பென்சர் பெர்சிவலின் கதையே போதும். 1807இல் அவரை நிதியமைச்சராக்க விரும்பினார்கள். அவரோ நல்ல வருமானம் உள்ள வழக்கறிஞர், பெரிய குடும்பம், வக்கீல் தொழிலை விட்டால் கட்டுப்படியாகாது என்றார். சரி, லங்காஸ்டர் சான்சலர் பதவியையும் சேர்த்துத் தருகிறோம், அதுவும் ஆயுள் முழுவதும் என்று அரசு ஆசை காட்டியது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பவே ‘ஆயுள் முழுவதும்’ மட்டும் கைவிடப்பட்டது, பதவி கிடைத்தது. பிறகு அவர் பிரதமரானபோதும் அதை விடவில்லை. 1812இல் நாடாளுமன்ற முகப்பில் சுட்டுக் கொல்லப்பட்டபோது பெர்சிவல் பிரதமர், நிதியமைச்சர், லங்காஸ்டர் சான்சலர் ஆகிய மூன்று பதவிகளிலும் இருந்தார்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் இந்த நாற்காலியின் வேறொரு பயன் தெரிகிறது. 1915 மே மாதத்தில் துருக்கியின் டார்டனல்ஸ் நீரிணைத் தாக்குதலின் தோல்வி வின்ஸ்டன் சர்ச்சிலின் தலையில் விழுந்தது. கூட்டணி அரசில் சேர வேண்டுமானால் அவர் கடற்படை அமைச்சராக நீடிக்கக் கூடாது என்று பழமைவாதக் கட்சி நிபந்தனை போட்டது. பிரதமர் ஆஸ்கித் அவரை முழுவதுமாக வெளியேற்றவும் விரும்பவில்லை, லங்காஸ்டருக்கு அனுப்பினார். உலகின் மிகப் பெரிய கடற்படையை நடத்திக்கொண்டிருந்தவர், உலகப் போரின் நடுவே, கையெழுத்திடக் கோப்பு இல்லாத அமைச்சரானார். சர்ரே மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்துக் கோடையைக் கழித்தபோது, தம்பி மனைவி குழந்தைகளின் வண்ணப்பெட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்தார். பிறகு எண்ணெய்ச் சாயங்களும் வந்து சேர்ந்தன. வெள்ளைத் துணியின் முன்னால் நின்று, வானத்துக்காக ஒரு துளி நீலத்தை அஞ்சி அஞ்சி அவர் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓவியர் ஜான் லேவரியின் மனைவியும் தாமே ஓவியருமான ஹேசல் லேவரி காரில் வந்து இறங்கினார். பெரிய தூரிகை ஒன்றை வாங்கி நீலத்தைக் குழைத்துத் துணியின் மீது வீசி வீசி இழுத்துக் காட்டினார். சர்ச்சில் வாழ்நாள் முழுவதும் தீட்டிய ஓவியங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. நவம்பரில் போரை நடத்தும் சிறிய குழுவிலிருந்தும் விடுபட்டதும், இத்தகைய காலத்தில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்ற பொருளில் கடிதம் எழுதிவிட்டு விலகினார். சில நாட்களில் பிரான்ஸ் போர்முனைக்கே போய்ச் சேர்ந்தார். தண்டனைப் பதவி என்று இதைச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

சர்ச்சிலுக்கு முன்னும், அவர் விலகிய சில வாரங்களுக்குப் பின்னும் அதே நாற்காலியில் இருந்தவர் எட்வின் மாண்டேகு. அவருக்கு அது தண்டனை இல்லை. அமைச்சரவைக்குள் நுழைய முதல் படிக்கட்டு. 1917இல் இந்தியாவுக்கான அமைச்சராகி, அந்த ஆண்டு டிசம்பரில் சென்னைக்கும் வந்து பல தரப்புத் தூதுக்குழுக்களைச் சந்தித்துப் போனார். மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று நாம் பள்ளியில் படித்த ஏற்பாடு அதன் விளைவு. அதன்படி நடந்த 1920ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் நீதிக்கட்சி சென்னை மாகாண ஆட்சியைப் பிடித்தது.

1929–1930 ஆண்டுகள் இன்னும் சுவையானவை. தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டுக்கு வேலையில்லாத் திண்டாட்டம் பெரிய தலைவலி. அதைத் தீர்க்கும் பொறுப்பை அவர் ‘லார்ட் பிரிவி சீல்’ என்ற இன்னொரு அலங்காரப் பதவியில் இருந்த ஜே. எச். தாமஸிடம் கொடுத்து, உதவிக்கு லங்காஸ்டர் சான்சலராக ஆஸ்வல்ட் மோஸ்லியை நியமித்தார். வேலை இல்லாத மக்களுக்கு வழிகாட்ட வேலை இல்லாத இரண்டு பதவிகள்! மோஸ்லியோ சும்மா இருக்கும் ஆள் இல்லை. பொதுப்பணிகளுக்குக் கடன் வாங்கிச் செலவிடுவது, இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது, ஓய்வூதிய வயதைக் குறைப்பது என்று நீண்ட திட்ட அறிக்கை ஒன்றை எழுதி அமைச்சரவைக்கு அனுப்பினார். அது நிராகரிக்கப்பட்டதும் 1930 மே மாதம் பதவி விலகினார். 1932இல் பிரிட்டிஷ் பாசிசக் கட்சியைத் தொடங்கினார். அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்தவர், சைமன் குழுவின் உறுப்பினராக இந்தியாவைச் சுற்றி, ‘சைமனே திரும்பிப் போ’ என்ற முழக்கத்தைக் கேட்டுத் திரும்பியிருந்த கிளமென்ட் அட்லி. 1947இல் இந்திய விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே அட்லி. பாசிசத் தலைவர் எழுந்துபோன நாற்காலியில் நலத்திட்ட அரசின் சிற்பி வந்து உட்கார்ந்தார் என்பது வரலாற்றில் அடிக்கடி கிடைக்கும் காட்சி இல்லை.

குறிப்பிட்ட துறை இல்லாத அமைச்சரை உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம் என்பது இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. 1941இல் லங்காஸ்டர் சான்சலரான டஃப் கூப்பரைச் சர்ச்சில் சிங்கப்பூருக்கு அனுப்பினார். டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியதும் அங்கேயே தங்கியிருக்கும் அமைச்சராக அவர் உயர்த்தப்பட்டார். பினாங்கிலிருந்து ஐரோப்பியர்கள் மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டு, தமிழர்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் கைவிடப்பட்ட நிலையில், மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாக அவர் வானொலியில் பேசியது கடும் கசப்பை உண்டாக்கியது. பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் சரவணமுத்து என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பொறுப்பு வகித்தவர்கள் போய்விட்ட ஊரில் குண்டுவீச்சை நிறுத்த வேறு வழி இல்லாமல் அவர் அதைச் செய்ய வேண்டியதாயிற்று. டஃப் கூப்பர் 1942 ஜனவரியில் கிளம்பினார்; பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது.

போர் முடிந்ததும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிரிட்டன் வசம் இருந்த பகுதிகளின் நிர்வாகத்துக்கு லங்காஸ்டர் சான்சலர் ஜான் ஹிண்ட் பொறுப்பேற்றார். 1947இல் பட்ஜெட் விவரத்தைப் பேச்சுக்கு முன்பே ஒரு பத்திரிகையாளரிடம் வாய் தவறிச் சொல்லிப் பதவி இழந்த நிதியமைச்சர் ஹியூ டால்டன், அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கிடைத்ததும் இதே நாற்காலிதான். 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரும் பேச்சுவார்த்தையை நடத்திய ஜெஃப்ரி ரிப்பன் லங்காஸ்டர் சான்சலர். 2019இல் ஒப்பந்தம் எதுவும் இல்லாமலேயே ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதற்கான ஆயத்தங்களைக் கவனித்த மைக்கேல் கோவும் லங்காஸ்டர் சான்சலர். இந்தியாவில் இதற்கு ‘இலாகா இல்லாத அமைச்சர்’ என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறோம். 1950இல் கவர்னர் ஜெனரல் பதவியிலிருந்து இறங்கிய ராஜாஜி நேருவின் அமைச்சரவையில் முதலில் அப்படித்தான் சேர்ந்தார். பிரிட்டிஷாருக்கு அந்த வெறுமையைப் பழைய பட்டு ஒன்றால் போர்த்திவிட வேண்டும்.

பட்டு என்று சொன்னேன். அதன் சரிகை வேலையையும் கொஞ்சம் பார்க்கலாம். பதவியேற்கும் சான்சலர் மன்னர் கையால் முத்திரையைப் பெறுகிறார். ஆண்டுக்கு ஒரு முறை லங்காஷயர், கிரேட்டர் மான்செஸ்டர், மெர்சிசைடு ஆகிய மூன்று மாவட்டங்களில் மன்னரின் சம்பிரதாயப் பிரதிநிதியாக இருக்கும் ஹை ஷெரீப் பதவிக்கான பெயர்ப் பட்டியல்களை மன்னரிடம் கொண்டுபோகிறார். மன்னர் பேனாவைத் தொடுவதில்லை. கோணூசி போன்ற கருவி ஒன்றால் தேர்ந்தெடுத்த பெயருக்கு எதிரே துளையிடுகிறார். முதலாம் எலிசபெத் ராணி தோட்டத்தில் தையல் வேலை செய்துகொண்டிருந்தபோது பேனா கிடைக்காமல் ஊசியால் குத்தியதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். நல்ல கதை, ஆனால் அவருடைய பாட்டனார் ஏழாம் ஹென்றி காலத்துச் சுருளிலேயே அத்தகைய துளைகள் உண்டு. லங்காஷயர் விருந்துகளில் இன்றும் ‘லங்காஸ்டர் கோமகனாகிய மன்னருக்கு’ என்று சொல்லித்தான் கோப்பையை உயர்த்துகிறார்கள்.

இன்றைய சான்சலர்கள் பெரும்பாலும் கேபினட் அலுவலகத்தின் தலைமை அமைச்சர்கள். 2024இல் வந்த பேட் மெக்ஃபேடனும், 2025 செப்டம்பரில் அவருக்குப் பின் வந்த டேரன் ஜோன்ஸும் பிரதமருக்கு மிக அருகில் இருந்து வேலை பார்த்தவர்கள். ஆகவே ஆளைப் பொறுத்தவரை பதவி இப்போது கனமானதுதான். எனக்கு உறுத்துவது மறுபக்கம். டச்சி கற்பனைச் சொத்து இல்லை. லண்டன் சவாய் வட்டாரம், லங்காஸ்டர் கோட்டை, வட இங்கிலாந்துப் பண்ணைகள் என்று ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் இருக்கிறது. 2023–24இல் மன்னருக்குக் கிடைத்த நிகர வருமானம் 2.7 கோடி பவுண்டுக்கு மேல். இந்தச் சொத்துக்கு நிறுவன வரி கிடையாது. மன்னர் வருமான வரி கட்டுவதும் 1993 முதல் தாமாக முன்வந்து கட்டுவதுதான். லங்காஷயர் பழைய எல்லைக்குள் உயிலும் வாரிசும் இல்லாமல் இறப்பவர்களின் சொத்தும் டச்சிக்கே போகிறது. செலவு போக மீதி தர்ம காரியங்களுக்கு என்பது ஏற்பாடு. அதில் ஒரு பகுதி டச்சியின் வாடகைக் கட்டடங்களைப் புதுப்பிக்கச் செலவானதாக 2023இல் லண்டன் நாளிதழ் ஒன்று வெளியிட்ட செய்தி பெரிய சர்ச்சையானது. இதையெல்லாம் குறித்து நாடாளுமன்றத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே அமைச்சர் லங்காஸ்டர் சான்சலர். அவரோ நிர்வாகத்தை டச்சியின் குழுவிடம் விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர். 1838ஆம் ஆண்டுச் சட்டப்படி டச்சியின் கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. அதைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கும் உறுப்பினர்கள் மிகக் குறைவு.