முனிக்கு மாத்திரை கொடுத்த கதை

முனியை எங்கள் வீட்டுப் பூனை என்று சொன்னால் அவனே ஒத்துக்கொள்ள மாட்டான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பிறந்தவன். சாப்பாட்டுக்கு வருவான், மழைக்கு ஒதுங்குவான், தொட்டால் கிழிப்பான். கருத்தடைக்குப் பிடித்ததோடு சரி. அதற்குப் பிறகு மூன்று வருடம் யாரும் அவனைத் தொட்டதில்லை.

ஒரு தை மாதம் அவன் காது ஓரங்களில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. தெருப் பூனை, காதில் பொருக்கு என்றால் சென்னையில் யாரும் முதலில் சொல்வது சொறி. முதலில் பார்த்த மருத்துவரும் அப்படித்தான் நினைத்து, பிடரியில் விடும் பூச்சி மருந்து கொடுத்தார். குறையவில்லை. அடுத்து படர்தாமரைக்கு மருந்து. மாடி வீட்டு மாமி வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி, எதைத் தடவினாலும் வயிற்றுக்குத்தான் போகும் என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையில் தடவ எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு மாதம் இப்படியே போனது. மூக்குத் தண்டிலும் பொருக்கு வந்தது. ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தான். பாதத்தைத் தூக்கி நக்கும்போது பார்த்தால் நகக்கண் எல்லாம் வீங்கி, திரிந்த பால் மாதிரி சீழ்.

இந்த முறை வேறொரு மருத்துவர். படத்தைப் பார்த்ததுமே, "காது, மூக்கு, நகக்கண் மூணும் சேர்ந்து வந்திருக்கு. தோலைப் பார்த்துடணும்" என்றார். ஆனால் அவனைக் கொண்டுபோவது எப்படி? கூடைக்குள் தள்ளப் போய் உள்ளங்கையில் கடி வாங்கினேன். அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி வரிசையில் நின்று, "பூனை" என்றதும் முன்னால் இருந்தவர் சிரித்தார். சிரிக்கிற விஷயமில்லை, ரேபிஸ் பூனைக் கடியிலும் வரும். அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று போட்டு முடித்தேன்.

அடுத்த முயற்சிக்கு மருத்துவரே வழி சொன்னார். மேல்பக்கம் திறக்கும் கூடையை ஒரு வாரம் மாடியிலேயே திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு. போகும் நாளன்று, கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு, பதற்றத்தைத் தணிக்கும் காபாபென்டின் 100 மி.கி. மாத்திரைக்கூட்டைப் பிரித்து மீன் சாற்றில் கலந்து வைத்தேன். கள் குடித்தவன் மாதிரித் தள்ளாடினான். துண்டைப் போட்டு மூடி, மேலிருந்து இறக்கினோம். யாருக்கும் கீறல் இல்லை.

மயக்கம் கொடுத்து மூன்று இடத்தில் பொருக்கோடு சேர்த்துத் தோல் எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது: பெம்பிகஸ் ஃபோலியேசியஸ். மருத்துவர் சொன்ன விளக்கம் இன்னும் நினைவிருக்கிறது. "பூச்சரத்துல நாரை அறுத்தா பூ தனித்தனியா உதிரும் இல்லையா? தோல் செல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிற நாரை இவன் உடம்போட நோய் எதிர்ப்புச் சக்தியே அறுக்குது." குணமாகுமா என்று கேட்டேன். அடங்கும், ஆனால் மருந்து அநேகமாக ஆயுசுக்கும் என்றார். அடுத்து அவர் கேட்டது: "வீட்ல யார் மாத்திரை கொடுப்பீங்க?"

மாதம் ஒரு ஊசி போட்டால் போதாதா என்று கெஞ்சினேன். நீண்ட நாள் நிற்கும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பூனைகளுக்கு ஸ்டீராய்டால் சர்க்கரை நோய் வர வாய்ப்புண்டு. ஆகவே மாத்திரைதான். ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, 4 கிலோ உடம்புக்குத் தினம் 10 மி.கி. பெயர் ஒத்த ப்ரெட்னிசோனை வாங்கிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். அதைப் பூனையின் உடம்பு சரியாக மாற்றிக்கொள்வதில்லையாம்.

மாத்திரை நல்ல கசப்பு. பொடித்து நெத்திலியில் வைத்தேன். நெத்திலியைச் சாப்பிட்டு மாத்திரை இருந்த இடத்தை மட்டும் விட்டுவைத்தான். இரண்டாம் நாளிலிருந்து நெத்திலியையே மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தான். வழி கண்டுபிடித்தது அம்மா, பூனை என்றாலே முகம் சுளிக்கிறவர். காலி ஜெலட்டின் கூட்டில் மாத்திரையைப் போட்டு, வேகவைத்த கோழி ஈரலை மசித்து மூன்று உருண்டை. முதலில் வெறும் உருண்டை. அடுத்தது மருந்து. அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதைக் கண் முன்னால் காட்ட வேண்டும்; அதைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். "உன்னை வளர்த்ததும் இப்படித்தான்டா" என்றார். மூன்றாவது உருண்டையோடு கொஞ்சம் ஈரல் சாறும் வைப்போம், கூடு தொண்டையில் ஒட்டாமல் இருக்க.

ஒரு வாரத்தில் ஸ்டீராய்டு கிளப்பிய பசி எங்களுக்குத் துணைக்கு வந்தது. நாலு மணிக்கே கதவருகில் உட்கார்ந்திருப்பான். மூன்றாம் வாரம் பொருக்கு உதிர்ந்து காதில் புது முடி தெரிந்தது. தண்ணீரும் அதிகம் குடித்தான். அதனால் இடையிடையே சர்க்கரை பார்த்தோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை குறைத்து 7.5, பிறகு 5, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் 5 என்று வந்தபோது ஆவணி முடிந்திருந்தது.

அப்புறம் புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாதம் கவிச்சி கிடையாது. வெண்ணெய், பாலாடை, தயிர் எல்லாம் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வேளை தவறியது, பிறகு இரண்டு. திடீரென்று ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது என்று தெரிந்தும், "குறைஞ்ச அளவுதானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினைந்தாம் நாள் நகக்கண் மறுபடி வீங்கியது. மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுபடி 10 மி.கி.யிலிருந்து தொடக்கம். கூடவே சைக்ளோஸ்போரின் 25 மி.கி. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து என்பதால் பச்சை மீன், பச்சை ஈரல், எலி வேட்டை எதுவும் ஆகாது. முதல் இரண்டையும் நிறுத்தினோம். மூன்றாவதற்காகத்தான் இப்போது பால்கனிக்கு வலை அடித்து அவனை உள்ளேயே வைத்திருக்கிறோம், ஒரு மாதம் இரவெல்லாம் கத்தினான்.

இப்போது ஒருநாள் சைக்ளோஸ்போரின், மறுநாள் 2.5 மி.கி. ப்ரெட்னிசலோன். இடது காது நுனியில் மட்டும் முடி வரவில்லை. இன்றும் என்னைத் தொடவிட மாட்டான்.

புரட்டாசி பிறக்க இன்னும் பத்து நாள். நேற்று அம்மா ஒரு சின்ன இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார். ஈரலை அங்கே நான்தான் வேகவைக்க வேண்டுமாம், சமையலறைக்குள் குளித்துவிட்டுத்தான் வர வேண்டுமாம்.