விவாகரத்துக்குக் கடன் வாங்க வேண்டாம்: இலவச சட்ட உதவியில் முடித்த என் அனுபவம்

விவாகரத்து என்று பேச்செடுத்ததும் வீட்டில் முதலில் கேட்டது காரணத்தை இல்லை, செலவுக்கு என்ன பண்ணப் போறே என்பதைத்தான். அம்மா வளையலைக் கழற்றி அடகு வைக்கத் தயாராகிவிட்டார். சென்னை பாரிமுனைப் பக்கம் போய்ப் பார்த்த ஒரு வக்கீல் மொத்தமாக ஒரு தொகை சொன்னார், அது போக ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனி, டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா பேட்டா எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். அந்த 'அப்புறம்' எவ்வளவு என்று கடைசி வரை சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், ஜீவனாம்ச கேஸ் நடத்தியவர். அவர்தான் "பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஹைகோர்ட் உள்ளே சட்ட உதவி மையத்துல ஒரு வார்த்தை கேட்டுடும்மா" என்றார். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, எனக்கெல்லாம் இலவசமாகத் தருவார்களா என்று சந்தேகம். தருவார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்களுக்கு வருமான வரம்பே வைக்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், இவர்கள் ஆணாக இருந்தாலும் அப்படித்தான். மற்ற ஆண்களுக்குப் பெரும்பாலும் வருமானச் சான்று தேவைப்படும். இது தெரியாமல் நகையை விற்று ஃபீஸ் கட்டும் பெண்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அக்கா சொன்ன சட்ட உதவி மையம், அதாவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, குடும்ப நல நீதிமன்றமும் அதே வளாகம்தான். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், பிரச்சினையை நம் வார்த்தையிலேயே எழுதிய ஒரு பக்கம், அவ்வளவுதான் கொடுத்தேன். அங்கே இருந்தவர் நான் எடுத்துப் போன சம்பளச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "இது வேண்டாம்மா, கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல் ஒருவரை எனக்கு நியமித்தார்கள். அவருக்கு ஆணைக்குழுவே பணம் தரும், நம்மிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது என்பது விதி. யாராவது கேட்டால் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம், வக்கீலை மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம். கோர்ட் ஃபீஸ், மனு தயாரிக்கும் செலவு, தீர்ப்பு நகல் எல்லாமே இந்த உதவிக்குள் அடக்கம்.

ஆனால் வக்கீல் ஃபீஸ் மட்டும்தான் செலவு என்று நினைத்துவிடக் கூடாது. சண்டை போட்டு நடத்தும் விவாகரத்து வருஷக்கணக்கில் இழுக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு, சம்பளப் பிடித்தம், சாட்சி, குறுக்கு விசாரணை. அதனால் எனக்கு வந்த வக்கீல் அம்மா வழக்குப் போடும் முன்பே பேசிப் பார்க்கலாம் என்றார். ஆணைக்குழு மூலமே என் கணவருக்கு நோட்டீஸ் போனது. அவரும் வந்தார். அதற்கும் கட்டணம் இல்லை.

அந்தப் பேச்சுவார்த்தைதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. வக்கீல் அம்மா ஒரு முழுத்தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் என் வீட்டுச் சீர், ஒரு பக்கம் அவர்கள் போட்டது என்று எழுத வைத்தார். ஆரம், ரெண்டு ஜோடி வளையல், பீரோ, கிரைண்டர், பித்தளை அண்டா. வாஷிங் மெஷினில் வந்து நின்றுவிட்டது, அதற்கு மட்டும் அரை மணி நேரம். பழைய மெஷின்தான், ஆனால் அதை எழுதாமல் விட்டால் நாளைக்கு அதற்கே ஒரு மனு வரும் என்றார். பாத்திரம் பண்டம் வரை எழுத்தில் வந்தது. எனக்குக் கணவர் பணமே வேண்டாம் என்று நான் சொன்னபோது வக்கீல் அம்மா பேனாவை வைத்துவிட்டு, "உனக்கு வேண்டாம்னா அது உன் இஷ்டம்மா, குழந்தைக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்க நீ யாரு?" என்று கேட்டார். ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது, சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டிப் போவது, கோடை லீவில் பாதி யாரிடம், எல்லாம் அதே தாளில் ஏறியது.

அப்புறம் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணம் விழுப்புரத்தில் நடந்தது, அங்கேதான் போட வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். அப்படி இல்லை, மனைவி இப்போது குடியிருக்கும் இடத்திலும் போடலாம். பஸ் செலவும் லீவும் மிச்சம். கணவர் தனியாக வக்கீல் வைக்கவில்லை, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் மனுவை ஒரு தடவை காட்டிவிட்டு நேரிலேயே ஆஜரானார். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் கட்டாயம் இல்லை.

மனு போட்ட பிறகு வழக்கமாக 6 மாதம் காத்திருக்க வேண்டும், மனு போட்டு 18 மாதத்துக்குள் இரண்டாவது கட்டத்துக்கு, அதாவது ரெண்டு பேரும் மறுபடி கோர்ட்டில் சம்மதம் சொல்வதற்கு, போய்விட வேண்டும். ஆனால் 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 6 மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று சொன்னது. நாங்கள் பிரிந்து ரெண்டு வருஷத்துக்கு மேல், எல்லாம் பேசி முடித்தாயிற்று, அதனால் அந்த மனுவும் சேர்த்துப் போட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். ஒன்று கவனிக்க வேண்டும், தீர்ப்பு வரும் வரை ரெண்டு பேரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால்தான் குழந்தை பேரில் போட வேண்டிய பணத்தை டிடியாக எடுத்து இரண்டாவது கட்டத்தன்று நீதிபதி முன்னால் கையில் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம்.

எதிர்த்தரப்பு ஒத்துவராவிட்டால் வேறு கணக்கு. அப்போதும் இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு மனு போட முடியும். அடி உதை இருந்த வீடாக இருந்தால் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டிய அவசியமே இல்லை, குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போடவும் இதே இலவச உதவி உண்டு. செலவைக் குறைக்கிறேன் என்று யாரும் பாதுகாப்பை விட்டுவிடாதீர்கள்.

எனக்குக் கையிலிருந்து போனது பயணம், ஜெராக்ஸ், போட்டோ, லீவு. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று இ-கோர்ட்ஸ் ஆப்பில் சிஎன்ஆர் எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி எண்ணை, போட்டு நாமே பார்க்கலாம், வாய்தா தள்ளிப்போனதைத் தெரிந்துகொள்ள அலைய வேண்டாம். தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் ஒன்றுக்கு மேல் கேட்டு வாங்குங்கள், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், பேங்க் நாமினி என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். நேரில் போக முடியாதவர்கள் சட்ட உதவி எண் 15100-க்கு போன் பண்ணினால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள்.